மூன்று வகை மெஷின், ஒரே இமேஜ்: க்ளோன்ஜில்லாவோடு ஒரு செமஸ்டர் விடுமுறை

கோவில்பட்டி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. மொத்தம் 42 மெஷின், மூன்று தவணையாக வாங்கியவை. 16 மெஷினில் எட்டாம் தலைமுறை இன்டெல், 14-இல் பன்னிரண்டாம் தலைமுறை, பாக்கி 12-இல் ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர். இத்தனை நாள் வகைக்கு ஒன்றாக மூன்று இமேஜ், அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் அடங்கிய டிஸ்க் நகல், வைத்துக்கொண்டு மாரடித்தேன். டேலியில் ஒரு மாற்றம் என்றால் மூன்று தடவை அதே வேலை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் எல்லாவற்றையும் 11-க்கு மாற்றியே ஆகவேண்டிய கட்டாயம். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஒரே இமேஜாகப் போட்டுவிடலாம் என்று நவம்பர் தேர்வு முடிந்ததும் க்ளோன்ஜில்லாவை எடுத்தேன்.

இது தைவானின் உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான, டிஸ்க்கை நகலெடுக்கும் இலவச மென்பொருள். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும். முதல் தடவை பார்த்தால் கொஞ்சம் மிரட்டும். மவுஸைத் தொட வேலையே இல்லை. அம்புக்குறி, ஸ்பேஸ்பார், டேப், என்டர், அவ்வளவுதான். டிஸ்க்கின் பெயர்கள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும், என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டி என்றால் இன்னும் நீளமாக. எது மெஷினின் டிஸ்க், எது நம் வெளி டிஸ்க் என்று கொள்ளளவைப் பார்த்து நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டோருக்கு, அதாவது இமேஜை டிஸ்க்கில் ஏற்றுவதற்கு, முன் நிஜமாகவே அழிக்கவா என்று இரண்டு தடவை கேட்கும். அந்த இரண்டாவது கேள்வி என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது.

வேலை நடப்பதைப் பார்த்த அட்டெண்டர் அண்ணன், "ஏம்மா, இதுல ஏத்துன விண்டோஸ் அதுல ஓடுமா? போர்டே வேறல்லா?" என்று கேட்டார். "ஓடும்ணே, ஆனா ஓட வைக்கிறது இது இல்ல" என்றேன். க்ளோன்ஜில்லா நகலெடுக்கும் கருவி மட்டும்தான். டிஸ்க்கில் டேட்டா உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து, சுருக்கி, இன்னொரு டிஸ்க்கில் அப்படியே கொட்டும். போர்டு மாறினாலும் ஓடவேண்டும் என்றால் அந்தப் பக்குவத்தை விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்பிரெப் என்ற கருவி செய்யவேண்டும். அதில் ஜெனரலைஸ் என்ற தேர்வைக் கொடுத்து ஷட்டவுன் செய்தால், அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்கள் போய்விடும். அடுத்த பூட்டில் புது வீட்டுக்கு வந்த மாதிரி வன்பொருளை முதலிலிருந்து தேடும். இணையத்தில் க்ளோன்ஜில்லாவைத் திட்டுகிற பாதிப் பேர் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

நானும் முதலில் சொதப்பினேன். பன்னிரண்டாம் தலைமுறை மெஷின் ஒன்றில் 512 ஜிபி டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுத்துவிட்டேன். பழைய மெஷினில் இருப்பது 240 ஜிபி. உள்ளே இருப்பது 40 ஜிபிதான் என்றாலும், சேரும் டிஸ்க் மூல டிஸ்க்கின் அளவாவது இருக்கவேண்டும் என்பது க்ளோன்ஜில்லாவின் கணக்கு. அரை நாள் வீண். அப்புறம் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் 80 ஜிபி டிஸ்க்கோடு ஒரு மெய்நிகர் மெஷின் உருவாக்கி, அதைத் தாய் மெஷினாக வைத்துக்கொண்டேன். இதில் இன்னொரு லாபம், எந்த போர்டின் டிரைவரும் உள்ளே ஒட்டிக்கொள்ளாது. மெய்நிகர் மெஷினின் அமைப்பில் இஎஃப்ஐ என்ற புது பூட் முறையை இன்ஸ்டாலுக்கு முன்பே இயக்கிவிடுங்கள். இன்ஸ்டால் முடிந்து முதல் திரை வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 அழுத்தினால், பயனர் கணக்கு உருவாக்காமலே விண்டோஸைத் தயார்செய்யும் ஆடிட் மோடுக்குப் போகும். எல்லா மென்பொருளையும் அங்கேதான் போடவேண்டும். டேலி, பைத்தான், அப்புறம் பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++. சிரிக்காதீர்கள், எங்கள் லேப் ரெக்கார்டு நோட்டு இன்னும் அதில்தான் ஓடுகிறது.

ஆடிட் மோடில் நெட் இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டோர் தன்பாட்டுக்கு ஆப்களைப் புதுப்பிக்கும், சிஸ்பிரெப் பாதியில் படுத்துவிடும். எந்த ஆப் என்பது சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் பாந்தர் என்ற ஃபோல்டரில் இருக்கும் லாகில் பெயரோடு எழுதியிருக்கும். பவர்ஷெல்லில் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடவேண்டும்.

எட்டாம் தலைமுறையிலும் ரைசனிலும் இமேஜ் ஜம்மென்று ஏறியது. பன்னிரண்டாம் தலைமுறையில் நீலத்திரை, பூட் டிவைஸை எட்ட முடியவில்லை என்று. காரணம் விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக வசதி. இந்தப் புது இன்டெல் போர்டுகளில் அது இயங்கிக்கொண்டிருந்தால், இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் விண்டோஸுக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் விஎம்டியை அணைத்தால் தீர்ந்தது, ஆனால் 14 மெஷினிலும் பயாஸுக்குள் போய் வர எனக்குப் பொறுமை இல்லை. தாய் மெஷினின் டிஸ்க்கை வெளியிலிருந்து இணைத்து, விண்டோஸின் டிஸம் கட்டளையால் அந்த டிரைவரை உள்ளே செருகி, மறுபடி இமேஜ் எடுத்தேன். எழுந்துவிட்டது.

ஏற்றுகிற வேலையில் க்ளோன்ஜில்லாவை மனதாரப் பாராட்டவேண்டும். பூட் மெனுவில் 'டு ராம்' தேர்வைக் கொடுத்தால் முழு மென்பொருளும் மெமரிக்குள் போய்விடும். பென்டிரைவை உருவி அடுத்த மெஷினில் செருகலாம். ஒரே பென்டிரைவ், இமேஜ் வைத்த மூன்று வெளி எஸ்எஸ்டி. இமேஜ் 19 ஜிபி, ஒரு மெஷினுக்கு ஒன்பது பத்து நிமிஷம். நெட்வொர்க் வழியாக எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் மல்டிகாஸ்ட் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் எங்கள் லேப் கேபிள்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஒரு மெஷின் மெதுவானால் மற்றவையும் அதோடு காத்திருக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மெஷினோடு வரும் ஓஇஎம் லைசென்ஸ் இப்படி ஒரே இமேஜைப் பல மெஷினில் போட உரிமை தராது. எங்கள் கல்லூரிக்கு மொத்தமாகப் பல மெஷினுக்கு வாங்கும் வால்யூம் லைசென்ஸ் இருப்பதால் பிரச்சினை இல்லை. சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்பிரெப்புக்கு முன் தாய் மெஷினில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது திரும்பி வரக்கூடிய அந்த நேரத்து நிலை, எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் புள்ளியியல் துறை மேடம் வந்து, "எல்லாத்துலயும் ஆர் வேணுமே" என்றார். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, புள்ளியியல் மென்பொருளான ஆரைப் போட்டு, சிஸ்பிரெப் ஓட்டி, இன்டெல் டிரைவரையும் மறுபடி செருகி, இமேஜ் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 42 மெஷினிலும் ஏற்றுகிற வேலை சனிக்கிழமைக்கு. அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன், பென்டிரைவ் மாற்றுவது இப்போது அவர்தான்.