எருமை மண்டையோட்டுக்கு ‘வெண்கல முலாம்’ என்று காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் மாட்டு மண்டையோடு, கொம்புகளுக்கு வெண்கல முலாம் போட்டுத் தருவதாக முகநூலில் விளம்பரம் செய்கிற ஒருவர் எங்களிடம் 28,000 ரூபா வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்துத் தந்திருக்கிறார். பெயர் போடவில்லை. வேலை நடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

கிரான் பக்கம் பெரியப்பாவின் பட்டியில் நின்ற எருமைக் கிடா வயதாகிச் செத்தது. நல்ல அகலக் கொம்பு. புதைத்து எடுத்த மண்டையோட்டைப் பாசிக்குடாவில் தம்பி நடத்துகிற விடுதியின் முன்சுவரில் மாட்டலாம் என்று யோசனை. வேலைக்காரரிடம் கொண்டுபோனபோது பெரியப்பாவும் கூட வந்தார். “இது பெயின்ட் இல்ல ஐயா. செம்பு முலாம் ஏத்தி, வெண்கலக் கலர் எடுப்பம். பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் கிடக்கும்” என்றார் வேலைக்காரர். பாதிக் காசு அட்வான்ஸ். பில் கேட்டதற்கு, “வேலை முடியத் தாறன்.”

வந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கோயில் மணி மாதிரி மினுங்கியது. சித்திரை வெயில் தொடங்கியதும் நெற்றியில், கண்குழிக்கு மேலே, மஞ்சளாக ஒரு துளி கசிந்தது. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில். எலும்புக்குள் இருந்த கொழுப்பு அது. கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பூச்சு கொப்பளித்து, நகத்தால் தட்டினால் செதில் செதிலாகக் கழன்றது. கீழே பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கிற பிறைமர் கூட இல்லை, நேரே எலும்பு. பிறகு கொம்பு அடியிலிருந்து வாடை. எருமைக் கொம்பு என்பது உள்ளே எலும்புத் தண்டு, மேலே கழற்றக்கூடிய உறை. அந்த உறையைக் கழற்றித் துப்புரவாக்காமல், சுற்றிவரப் புட்டி பூசி அதன்மேல் ஸ்ப்ரே அடித்திருக்கிறார். புட்டியைக் குத்தியெடுத்தபோது உள்ளே புழுக்கூடுகள். விடுதிக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைத் தம்பி இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறான்.

உண்மையான முலாம் என்றால் என்ன நடக்க வேண்டும்? எலும்பில் மின்சாரம் பாயாது. அதனால் முதலில் கொழுப்பை எடுத்து, வார்னிஷ் மாதிரி ஒன்றால் துளைகளை அடைத்து, அதன்மேல் கிராஃபைட் அல்லது செம்புத்தூள் கலந்த, மின்சாரம் பாயக்கூடிய பூச்சுப் பூச வேண்டும். பிறகு செப்புச் சல்பேற்றுக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் செம்பு படியும். கடைசியில் கந்தகச் சேர்வை ஒன்றால் அதைக் கருமைப்படுத்தினால்தான் பழைய வெண்கலத் தோற்றம் வரும். எங்கள் கிடாவின் கொம்பு முழுசாக அமிழ எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலைத்தலத்தில் ஒரு வாளியும் கொம்பிரசரும்தான் கிடந்தன.

இன்னொரு வழியும் இருக்கிறது. வெண்கலத் தூளை எபொக்சியில் குழைத்துப் பூசி, இறுகிய பிறகு ஸ்டீல் வூலால் தேய்த்தால் மேலே உலோகமே தெரியும். அது நேர்மையான வேலை. ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதும் குற்றமில்லை, பெயின்ட் என்று சொல்லி அதற்குரிய காசு வாங்கினால். முலாம் என்று சொல்கிறவரிடம் மிச்சக் காசு கொடுக்க முதல், மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கிற மல்டிமீற்றரின் இரண்டு முனையையும் மேலே வைத்துப் பாருங்கள். செம்பு படிந்திருந்தால் பீப் என்று கத்தும், பெயின்ட் கத்தாது. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், செம்பும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது.

எதைப் பூசுவதென்றாலும் கொழுப்பெடுப்பதுதான் பாதி வேலை. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் கலங்கக் கலங்க மாற்ற வேண்டும். பெரிய மண்டைக்கு வாரக்கணக்கில் எடுக்கும். கொதிக்க வைத்தால் மூக்குப் பக்கத்து மெல்லிய எலும்பு நொறுங்கும், கொழுப்பும் இன்னும் உள்ளே இறங்கும். குளோரின் பிளீச் எலும்பையே அரிக்கும். வெண்மை வேண்டுமென்றால் ஹைட்ரஜன் பெரொக்சைட்டுத்தான். “இதெல்லாம் தேவையில்லை” என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, “வெயில்ல வச்சீங்க, அதான்” என்றார். வெயிலுக்குத் தாங்காத வெண்கலத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பில் இருந்தால் பேச்சு சுலபம். எங்களிடம் இருப்பது வட்ஸ்அப் செய்திகளும் வங்கியில் போட்ட துண்டும்தான், அதை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதே ஆள் மான், மரைக் கொம்புக்கும் செய்து தருவதாகச் சொல்கிறார். அவை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற மிருகங்கள். பிடிபட்டால் மாட்டுவது கொண்டுபோய்க் கொடுத்தவரும்தான்.

ஆளை அடையாளம் காண்பது எப்படி என்று கேட்பீர்கள். “நாங்கள் செய்த வேலை” என்று அவர் போட்டிருக்கிற படங்களில் முதலாவதில் இருப்பது முறுக்குக் கொம்பு வைத்த ஆபிரிக்கக் குடு மான்.