புளியங்கொட்டைப் போக்கரும் ஐசிஎம் கணிப்பானும்: மூன்று மாம்பழக் காலப் பாவனை

இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அந்த இருட்டில்தான் போக்கர் தொடங்கியது. அதுவரை முன்னூற்றிநாலுதான் எங்கள் சீட்டாட்டம். அதில் அதிகமாகக் கேட்டவர் கேட்ட புள்ளியை எடுத்தே காட்ட வேண்டும். போக்கரில் மற்றவர்கள் பயந்து சீட்டைப் போட்டுவிட்டால் எதையும் காட்ட வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தை எங்களில் முதலில் பிடித்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு லொறி அண்ணை.

காசு வைப்பதில்லை. எட்டுப் பேர், ஆளுக்கு 50 புளியங்கொட்டை. பரிசு பத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்: முதலாமவருக்கு ஐந்து, அடுத்தவருக்கு மூன்று, மூன்றாமவருக்கு இரண்டு. நாலாமவர் கையை வீசிக்கொண்டு போக வேண்டியதுதான். நாலு பேர் மிஞ்சியதும் லொறி அண்ணைக்கு ஒரு வேகம் வந்துவிடும். சீட்டைப் பார்த்தாரோ இல்லையோ, இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு, "தம்பி, பயமோ?" என்பார். முதல் வருடம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் நான் நாலாமவனாக எழும்பினேன்.

அதன் பிறகுதான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐசிஎம் (Independent Chip Model) கணிப்பான் ஒன்றைப் பாவிக்கத் தொடங்கினேன். ஆட்டத்தின்போது கைத்தொலைபேசி எடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே கொப்பியில் குறித்து வைத்து, மறுநாள் போட்டுப் பார்ப்பேன். யாரிடம் எவ்வளவு கொட்டை, பரிசு எப்படிப் பிரிகிறது என்று கொடுத்தால், ஒவ்வொருவரின் கொட்டைக்கும் அந்த நேரத்தில் எத்தனை மாம்பழம் பெறுமதி என்று சொல்லிவிடும். உள்ளே இருப்பது 1973 இல் ஹார்வில் என்ற புள்ளிவிபரவியலாளர் வெளியிட்ட சூத்திரம். அது குதிரைப் பந்தயத்துக்குப் பயன்பட்டது என்பதை அறிந்தபோது சிரிப்பு வந்தது.

ஒரு கையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாலு பேர், ஆளுக்குச் சரியாக 100 கொட்டை, பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்க முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் சின்ன, பெரிய பந்தயம், 5, 10. முதலில் பேசிய லொறி அண்ணை நூறையும் தள்ளினார். அடுத்தது நான், கையில் இரண்டு ஆறு. எதையும் தள்ளுகிற ஆளுக்கு எதிராக ஆறு ஜோடி நூற்றுக்கு 63 தடவை வெல்லும். ஏற்க வேண்டியதுதானே? நான் சீட்டைப் போட்டுவிட்டேன். அவர் 8, 3 ஐத் திருப்பிக் காட்டினார். விறாந்தையே சிரித்தது.

மறுநாள் கணிப்பான் என் பக்கம் நின்றது. ஆளுக்கு 100 இருக்கும்போது ஒவ்வொருவரின் பங்கும் இரண்டரை மாம்பழம். தோற்றால் பூச்சியம். வென்று 200 ஆனால் ஐந்து அல்ல, 3.83 தான். கொட்டை இரட்டித்தாலும் மாம்பழம் இரட்டிக்காது. அதனால் ஏற்பதற்கு வெல்லும் வாய்ப்பு 50 வீதம் போதாது, 65 வேண்டும். பிளைண்டையும் சேர்த்தால் 64 அளவுக்கு இறங்கும், ஆனால் எனக்குப் பின்னால் இன்னும் இருவர் பேச இருந்தார்கள். அதே ஆறு ஜோடி பெரிய பிளைண்டில் வந்திருந்தால் ஏற்றிருக்கலாம்: பத்து ஏற்கெனவே போய்விட்டதால் தேவை 61க்கு வந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கைதான்.

இன்னொன்றையும் கணிப்பான் காட்டித் தந்தது. அதை அண்ணையிடம் சொல்லவில்லை. கொட்டை அதிகம் உள்ளவர் நாலு பேர் மிஞ்சிய நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் சரிதான். நாங்கள் விசர் என்று நினைத்தது விசர் அல்ல.

குறைகளும் உண்டு. அடுத்த கையில் பிளைண்ட் யார் தலையில் விழும் என்பது அதற்குத் தெரியாது. பெரிய குறை என்னவோ என்னுடையதுதான்: எதிராளி எந்தெந்தச் சீட்டில் தள்ளுவார் என்பதை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தோற்ற எரிச்சலோடு இருந்தால் "எதையும் தள்ளுவார்" என்று எழுதிவிடுகிறேன். கணிப்பானும் ஏற்கலாம் என்று தலையாட்டிவிடும். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் விளங்கியது: அண்ணை தானாகத் திருப்பிக் காட்டுவது எப்போதும் குப்பைச் சீட்டுத்தான். நல்ல சீட்டைக் காட்டாமல் கட்டுக்குள் செருகிவிடுவார். நான் ஆஸும் கிங்கும் வைத்து ஏற்ற அன்று அவரிடம் இரண்டு ராணி இருந்தது.

இப்போது அவர் என் வலப்பக்கம் இருந்தால் பொறுத்திருக்கிறேன். அவர் எனக்கு முன் பேசிவிடுவார். இடப்பக்கம் விழுந்தால் பந்தயத்தைச் சிறிதாக உயர்த்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தள்ளுவதானால் நானே முதலில் தள்ளுகிறேன், இல்லையேல் போட்டுவிடுகிறேன். மூன்றாவது காலத்தில் மாம்பழம் இல்லாமல் வீடு திரும்பியது குறைவு.

இருவராக மிஞ்சினால் கதையே வேறு. மூன்று மாம்பழம் இருவருக்கும் நிச்சயம், சண்டை மிச்ச இரண்டுக்குத்தான். அங்கே கொட்டையும் பழமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். போன சனிக்கிழமை அண்ணை சின்ன பிளைண்டிலிருந்து பத்து பிளைண்ட் அளவுக்குத் தள்ளினார். என்னிடம் ராணியும் ஏழும். ஏற்க 45 வீதம் போதும். எந்தச் சீட்டுக்கும் எதிராக ராணி ஏழு 52 தரும். ஏற்றேன். அவரிடம் கிங்கும் நாலும். ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தன, யாருக்கும் ஒன்றும் பொருந்தவில்லை. பெரிய சீட்டான அவரது கிங் வென்றது.

அவர் தன் ஐந்தையும் மணந்து பார்த்துப் பொறுக்கி எடுத்தார். எனக்கு வந்த மூன்றில் ஒன்று வண்டு குத்தியது.