தீனிப் புழு வளர்ப்பு: யாழ்ப்பாண வெக்கைக்கு மீல்வோர்மா, சுப்பர்வோர்மா?

செல்லப் பல்லியான கெக்கோவுக்கும் ஓணான் வகையான பியர்டட் டிராகனுக்கும் தீனியாகப் புழு வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் மீல்வோர்ம் என்ற சின்ன வண்டுப் புழுவில்தான் தொடங்குவார்கள். அது செழிப்பது 25 முதல் 28 பாகையில். இங்கே சித்திரை பிறந்தால் அறைக்குள்ளேயே 30ஐத் தாண்டிவிடும். அந்த வெக்கையில் புழு வளர்ந்து ஆகும் வண்டுகள் சீக்கிரம் சாகும், முட்டை குறையும். ஆகவே மீல்வோர்மை வாங்கிப் பிரிஜ்ஜின் மரக்கறித் தட்டில் வைத்து, கிழமைக்கு ஒருநாள் வெளியே எடுத்துத் தீனி போட்டால் போதும். கெக்கோ, டிராகன் குட்டிகளுக்கு அது உதவும். பெருக்குவதற்கு அதைவிடப் பெரிய வண்டுப் புழுவான சுப்பர்வோர்ம்தான் சரி. அதைப் பிரிஜ்ஜில் வைத்தால் செத்துவிடும்.

சுப்பர்வோர்ம் கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழு ஆகாது, ஆனால்தான் வண்டாகி முட்டையிடும். முற்றிய புழுக்களைத் துளையிட்ட சின்ன டப்பாக்களில் ஒவ்வொன்றாக, தீனியில்லாமல், இருட்டில் விடவேண்டும். ஒரு கிழமை, பத்து நாளில் அரைவட்டமாகச் சுருளும். செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். கறுத்து நீட்டாகக் கிடப்பதுதான் செத்தது.

புழு வளரும் பேசினில் படுக்கைக்குக் கோதுமைத் தவிடு, இரண்டு அங்குலம். மில்லில் அரிசித் தவிடு மலிவுதான், ஆனால் எண்ணெய் காறிப்போகும். எதுவானாலும் மூன்று நாள் டீப் பிரீசரில் வைத்தெடுத்தால் அந்துப்பூச்சித் தொல்லை இல்லை. ஈரத்துக்குக் கரட் துண்டு. மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். மாரியில் இதில் அசட்டை செய்தால் பூஞ்சணம் வரும், கூடவே சிற்றுண்ணியும் வரும். பேசின் விளிம்பில் மா தூவியதுபோல் படிந்திருக்கும். உற்றுப் பார்த்தால் அசையும். அரிதட்டில் அரித்துப் புழுவை மட்டும் புதுத் தவிட்டுக்கு மாற்றி, பேசினைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். பழைய தவிட்டைக் கொட்டத்தான் வேண்டும்.

எறும்புக்குப் பூச்சிமருந்துச் சோக்கால் கோடு போடவேண்டாம், அது புழுவையும் கொல்லும். மேசைக் கால்களைச் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள்.

இரண்டு புழுவிலும் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். வெறும் புழுவே தின்றால் கெக்கோவுக்கும் டிராகனுக்கும் நாளடைவில் தாடை இளகும், கால் வளையும். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்து, காயவைத்து, மென்மையான பக்கத்தைச் சுரண்டி அரித்தால் நல்ல கல்சியப் பொடி. போத்தலில் புழுவோடு போட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். கல்சியம் உடம்பில் சேர உதவும் விற்றமின் டி3 இதில் இல்லை. அதைத் தனியாக வாங்கவேண்டும். முதல்நாளே புழுவுக்கு முருங்கையிலை போடுவதும் நல்லது.

சுப்பர்வோர்மில் கொழுப்பு அதிகம். தினமும் கொடுத்தால் கெக்கோ கொழுத்துப்போகும். கிரிக்கெட் பூச்சி இடைக்கிடை சேர்க்கலாம். தின்னாத கிரிக்கெட்டை இரவில் கூண்டுக்குள் விட்டால் கெக்கோவையே கடிக்கும். வெங்காயத் தோட்டத்து வெட்டுக்கிளி சும்மா கிடைக்கிறதென்று பிடிக்கவேண்டாம், எப்போது மருந்தடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?