பழங்காலக் கால்நடைப் பல்லில் லேசர் ஆய்வு: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நெல்லைச் சீமையின் செம்மண்ணில் புதைந்து கிடந்த விலங்கெலும்பு பல நேரங்களில் கையில் எடுக்கும்போதே உதிர்ந்துவிடும். கடைவாய்ப்பல் மட்டும் உருக்குலையாமல் வரும். பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் கனிமமாக இருப்பதே இதற்குக் காரணம். அந்தக் கால்நடைகள் மலையடிவாரத்தில் மேய்ந்தவையா, கடற்கரைப் பக்கம் வளர்ந்தவையா என்று அறிவதற்காகச் சில ஆண்டுகளாக லேசர் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன்.

பல்லை நெடுக்குவாட்டில் வெட்டி, ரெசினில் பதித்து, மெருகேற்றி, காற்றுப் புகாத சிறு அறைக்குள் வைக்கிறோம். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் எனாமலைத் துளித்துளியாக ஆவியாக்க, அந்த நுண்துகளை ஹீலியம் வாயு, பிளாஸ்மா எனப்படும் கடும் வெப்பமுள்ள மின்னேற்ற வாயுவுக்குக் கொண்டு செல்கிறது. அதன்பின் நிறை நிறமாலைமானி தனிமங்களையும், ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களான ஐசோடோப்புகளையும் பிரித்து அளக்கிறது. வேலை முடிந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தால், பல்லின் நுனியிலிருந்து கழுத்து வரை தலைமுடியளவு அகலத்தில் வெளிறிய கோடு ஒன்றுதான் தெரியும். பழைய முறையில் துரப்பணத்தால் பட்டை பட்டையாகப் பொடி எடுத்து அமிலத்தில் கரைக்க வேண்டியிருந்ததை நினைத்தால், அரிய பல்லுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அறை சிறியது. மாட்டின் கடைவாய்ப்பல்லை வெட்டாமல் உள்ளே வைக்க முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது தனிம வரைபடம்தான். உயிரோடிருக்கும் விலங்கின் எனாமலில் யுரேனியம் மிகமிக அற்பம். புதைந்த பிறகே நிலத்தடி நீர் வழியாக ஏறுகிறது. ஆகவே யுரேனியமும் மாங்கனீசும் எங்கே கூடியிருக்கின்றன என்று முதலில் பார்த்து, அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டே, மேய்ந்த இடத்தைக் காட்டும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைப் படிக்கிறேன். இந்தச் சோதனை இல்லாமல் வெளியிடப்படும் எண்களை நான் ஏற்பதில்லை.

ஸ்ட்ரான்சியம் விகிதம், அதாவது 87 நிறையுள்ள ஸ்ட்ரான்சியத்துக்கும் 86 நிறையுள்ளதற்கும் உள்ள விகிதம், நிலத்தின் பாறையைப் பொறுத்தது. கடல்நீரில் அது 0.7092, மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளைச் சார்ந்த மண்ணில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். புல்லும் நீரும் வழியாக அந்த விகிதம் பல்லில் பதிகிறது. மாட்டின் மூன்றாம் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 9, 10 மாத வயதில் உருவாகத் தொடங்கி இரண்டு வயதை ஒட்டி முடிவதால், ஓராண்டுக்கு மேற்பட்ட மேய்ச்சலை ஒரே பல்லில் தொடரலாம்.

இதை நம் ஊர் ஆட்டிலேயே சோதிக்க விரும்பிக் கிடை போடும் பெரியவர் ஒருவரை அணுகினேன். “செத்த ஆட்டுப் பல்லுல என்னத்தப் பாக்கப் போறிய?” என்று கேட்டவர், பிசான நெல் அறுவடை முடிந்ததும் ஆற்றுப் பாசன வயல்களில் கிடை, மழைக்காலத்தில் நாங்குநேரிப் பக்கத்து மானாவாரிக் காடு என்று மாதவாரியாகச் சொன்னார். லேசர் கோட்டில் அந்த இடமாற்றம் தெரிந்தது. ஆனால் படியாக அல்ல, மாதக்கணக்கில் மெல்ல ஏறும் சரிவாக. எனாமல் முதலில் பாதிக்கும் குறைவான கனிமத்துடன் படிந்து, பிறகே மெதுவாக இறுகுவதால் பழைய அடுக்கில் புதிய மேய்ச்சலும் கலந்துவிடுகிறது. லேசரின் புள்ளி எவ்வளவு நுண்ணியதானாலும் காலத்தை அந்த அளவுக்குப் பிரிக்காது. எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசுவான டென்டினை ஒட்டிய மெல்லிய உள்ளடுக்கு விரைவில் இறுகிவிடுவதால், அதையொட்டிக் கோடு ஓட்டினால் இந்தக் கலப்பு குறைகிறது; இப்போது அங்கேதான் ஓட்டச் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கால்சியம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் மூன்றும் பிளாஸ்மாவில் சேர்ந்து 87 என்ற நிறையில் ஸ்ட்ரான்சியம் போலவே பதிவாகி, விகிதத்தை உயர்த்திக் காட்டுகின்றன. கடலில் வாழ்ந்த சுறாவின் பல் 0.7092 காட்ட வேண்டும் என்பதால், தூத்துக்குடி ஏலக்கூடத்தில் வாங்கிய சுறாப்பல்லை ஒவ்வொரு முறையும் உடன் வைக்கிறேன். சுறாப்பல்லில் ஸ்ட்ரான்சியம் மிகுதி, நிலவிலங்கின் பல்லில் குறைவு. எனவே சுறாப்பல்லுக்குச் சரியான எண் வந்ததால் மட்டும் ஆட்டுப்பல்லின் எண்ணும் சரியென்று ஆகாது. ஒரே பல்லின் சில இடங்களை, பொடியை அமிலத்தில் கரைக்கும் பழைய கரைசல் முறையிலும் அளந்து ஒப்பிட்டே தீர வேண்டும். நான் பயன்படுத்திய வெளிமாநில ஆய்வகம் ஒன்று இந்த ஒப்பீட்டைத் தேவையற்ற செலவு என்று தட்டிக்கழித்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

என் மதிப்பீட்டில், மலையடிவாரமும் கடற்கரையும் போல விகிதம் மூன்றாம் தசம இடத்திலேயே வேறுபடும் கேள்விக்கு லேசர் போதும், பல்லும் பிழைக்கும். நாங்குநேரியா, ராதாபுரமா என்பது போன்ற அண்டை நிலங்களைப் பிரிக்க வேண்டுமானால், லேசரால் தூய பகுதியைக் கண்டறிந்து, அங்கே மட்டும் சிறிது பொடி எடுத்துக் கரைசல் முறைக்கு அனுப்புங்கள்.