காபி பேயிலிருந்து ஓட்டைப் பாறைக்கு: ஒரு வழிகாட்டிச் சேவையைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தின் வைல்டு கோஸ்ட் கரையில், நடுவில் ஓட்டையுடன் கடலுக்குள் தனித்து நிற்கும் 'ஹோல் இன் த வால்' பாறையைப் படமெடுப்பதற்காக, டர்பனிலிருந்து நானும் என் தம்பியும் கடந்த ஜூலையில் காபி பே என்னும் கடலோர ஊருக்குச் சென்றோம். ம்தாதா (பழைய பெயர் உம்ட்டாட்டா) நகரைத் தாண்டி வீட்ஜஸ்வில்லில் பிரியும் சாலையில் பள்ளங்களும் மாடுகளும் மிகுதி. இருட்டுவதற்குள் போய்ச் சேர்வது நல்லது.

தங்கிய விடுதியின் வழியாக உள்ளூர்க் கோசா இனத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். புல்மேடுகளின் மேலேறி இறங்கும் 8 அல்லது 9 கிலோமீட்டர் நடை அது. கடல் வற்றும் நேரத்தை அவரே கணக்கிட்டு விடியற்காலையில் எங்களைக் கிளப்பியதால்தான், மற்ற நேரத்தில் அலை மூடிக்கிடக்கும் பாறைத்தட்டுகளின் மேல் முக்காலியை ஊன்றிப் படமெடுக்க முடிந்தது. ஓட்டை வரை நீந்திப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டபோது, அங்கே உயிரிழந்தவர்கள் உண்டு என்று கூறி அவர் உறுதியாக மறுத்துவிட்டார். வழியில் வெண்களிமண் பூசிய இளைஞர் சிலரைத் தொலைவில் கண்டதும் கேமராவைத் தாழ்த்தச் சொன்னார். அவர்கள் ஆண்மைச் சடங்குக்காக ஊரைவிட்டு ஒதுங்கியிருப்பவர்கள். அவர்களைப் படமெடுப்பது பெரும் அவமதிப்பு. தனியாகப் போயிருந்தால் அந்தத் தவற்றை அறியாமலே செய்திருப்பேன்.

அந்த இடத்தைக் கோசா மக்கள் 'எசிகலேனி', அதாவது இரைச்சலின் இடம் என்கிறார்கள். ஓட்டைக்குள் அலை புகும்போது எழும் முழக்கத்தைக் கேட்டபின், 1823இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் விடால் இட்ட 'ஹோல் இன் த வால்' என்ற பெயரைவிட இதுவே எனக்குப் பொருத்தமாகத் தோன்றியது.

குறை ஒன்று உண்டு, அது வழிகாட்டியைச் சேர்ந்ததன்று. சூரியன் கடலின் பக்கம் எழுவதால், காலையில் பாறையின் கரைப்பக்கம் முழுதும் நிழலில் கிடக்கிறது. விளிம்பொளியில் கரிய உருவமாக எடுக்கலாமே தவிர, பாறையின் அடுக்குகளும் நிறமும் பதிவதில்லை. வெயில் வடமேற்குக்குச் சாய்ந்த பிறகுதான் அந்த முகம் ஒளிபெறும். ஆனால் முன்பதிவு செய்துகொடுத்தவர்கள் திரும்பும் வண்டியை நண்பகலுக்கே ஏற்பாடு செய்திருந்தார்கள்; நடப்பவர்களுக்கு அது போதும், படமெடுப்பவர்களுக்குப் போதாது. மேலும் ஒரு மணி நேரம் இருக்கக் கேட்டும் ஓட்டுநர் இசையவில்லை. எனக்குக் கிடைத்த நல்ல படம், ம்பாகோ ஆற்றின் முகத்துவார மணலில் அசைபோட்டுக்கொண்டிருந்த இங்குனி என்னும் உள்நாட்டு இன மாடுகளின் படமே.

அந்த வழிகாட்டியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பணம் கட்டும்போதே மாலை வரை காத்திருக்கும் வண்டியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உப்புத்தூறலைத் துடைக்க நான்கைந்து லென்ஸ் துணிகளும் எடுத்துச் செல்லுங்கள்.