ஆபத்தான நாட்டில் ஊழியர்கள்: சொந்தப் பாதுகாப்பு அதிகாரியா, உதவி நிறுவனமா?

ஆபத்தான நாட்டுக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள். அந்த ஊரிலேயே சொந்தமாக ஒரு பாதுகாப்பு அதிகாரியை வைப்பது ஒன்று. இன்டர்நேஷனல் எஸ்ஓஎஸ் போன்ற 24 மணி நேர உதவி நிறுவனத்துக்குச் சந்தா கட்டுவது இன்னொன்று. வெறும் காப்பீட்டோடு கைகழுவுகிறவர்களும் உண்டு. பல பாலிசிகள் போரால் வரும் பாதிப்புக்குப் பணம் தராது என்பதால், அதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

மருத்துவ உதவியில் சந்தேகமே வேண்டாம், உதவி நிறுவனம்தான். எந்த மருத்துவமனையை நம்பலாம், ஏர் ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் தனி ஆள் ஒருவர் சமாளிக்க முடியாது.

ஆனால் ஆட்களை வெளியேற்றும் வேளையில் கதை மாறுகிறது. 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை மூண்டபோது, முதல் நாளே கார்ட்டூம் விமான நிலையம் போர்க்களமானது. தனி விமானம் அனுப்புவோம் என்ற ஒப்பந்த வாசகத்தை வைத்து அன்று என்ன செய்ய முடியும்? பலர் 800 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைச் சாலையில் கடந்து போர்ட் சூடானுக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். எந்தத் தெருவில் சோதனைச் சாவடி, டீசல் எங்கே கிடைக்கும், வீட்டில் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும்? இதெல்லாம் கால் சென்டரில் இருப்பவருக்குத் தெரியாது, உள்ளூரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

சரி, சொந்த அதிகாரி இருந்தால் போதுமா? அவர் "போகக்கூடாது" என்றால் மேலாளர் கேட்க வேண்டுமே! 2012இல் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சில் என்ற நார்வே நாட்டு உதவி அமைப்பின் வாகனங்கள் ஆயுதக் காவல் இல்லாமல் சென்றன. நான்கு ஊழியர்கள் கடத்தப்பட்டார்கள், ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். கடத்தப்பட்டவர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். ஆபத்து முன்கூட்டியே தெரியக்கூடியதுதான், இது கடும் அலட்சியம் என்று 2015இல் ஓஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, சுமார் 44 லட்சம் குரோன் (நார்வே நாணயம்) இழப்பீடு தரச் சொன்னது. பயண ஆபத்து மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 31030 வழிகாட்டி 2021இல் வந்தது. ஆனால் அது வெறும் வழிகாட்டி, யாரையும் கட்டுப்படுத்தாது.

குறுகிய காலப் பயணத்துக்குச் சந்தா போதும். குழுவாக மாதக்கணக்கில் தங்கினால், பயணத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு சொந்த ஆள் வேண்டும், மருத்துவத்துக்கு மட்டும் சந்தா. எதை எடுத்தாலும், உள்ளூரில் வேலைக்கு எடுத்த ஓட்டுநருக்கும் அது பொருந்துமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை மட்டுமே காக்கும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன.