ஸ்க்ரீன் பிரிண்டிங் கத்துக்க பேப்பர் ஸ்டென்சிலா, எமல்ஷனா?

துணில பிரிண்ட் போட கத்துக்கணும்னு வர்ற நிறைய பேர் நேரா போட்டோ எமல்ஷன்லதான் (லைட் பட்டா இறுகற பூச்சு) கை வைக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். எமல்ஷன் மோசம்னு சொல்லல. பிரிண்ட் கெட்டுப்போனா தப்பு ஸ்க்ரீன்லயா, இல்ல ஸ்க்வீஜி (இங்க்கை இழுக்கற ரப்பர் பட்டை) இழுத்த கையிலயான்னு புதுசா கத்துக்கறவங்களுக்கு பிடிபடவே படாது, அதான் சிக்கல்.

பேப்பர் ஸ்டென்சில்ல அந்த குழப்பம் இல்ல. டிசைனை பேப்பர்ல வெட்டி மெஷ்ஷுக்கு (ஸ்க்ரீன் பிரேம்ல இழுத்துக் கட்டின வலைத்துணி) அடில வச்சு ஒரு இழுப்பு இழுத்தா இங்க்கே பேப்பரை மெஷ்ல ஒட்ட வச்சுடும், அதனால பூஜ்யத்துக்கு நடுவுல இருக்கற தனித் துண்டு கூட விழாம நிக்கும், சாதா ஸ்டென்சில்ல மாதிரி பாலம் விட்டு வெட்ட வேணாம். ஆனா மெல்லிய கோடு, போட்டோ எல்லாம் இதுல எதிர்பார்க்காதீங்க. கொஞ்ச நேரத்துல பேப்பர் ஊறி ஓரத்துல கசியும், ஸ்க்ரீனை கழுவினா ஸ்டென்சிலும் போச்சு.

எமல்ஷன்னா மெஷ்ஷை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம கழுவி, மெல்லிசா பூசி, இருட்டுல காயவிட்டு (மஞ்சள் பல்பு இருந்தா பரவால்ல), கருப்பு டிசைன் இருக்கற பிலிமை வச்சு புற ஊதா லைட் காட்டணும், லைட் பட்ட இடம் இறுகிடும், கருப்புக்கு அடில இருந்தது தண்ணில கரைஞ்சு போயிடும். லைட் பத்தலேன்னா கழுவும்போது மொத்தமா வழிஞ்சிடும். ஜாஸ்தியானா மெல்லிய கோடு திறக்காது. என் முதல் ரெண்டு ஸ்க்ரீனும் வழிஞ்சுதான் போச்சு, அப்புறம்தான் பிலிமை அட்டையால கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்து ஒரே ஸ்க்ரீன்ல அஞ்சாறு விதமா நேரம் வச்சுப் பார்த்தேன், இந்த டெஸ்டை கண்டிப்பா பண்ணுங்க. சரியா வந்துட்டா அதே ஸ்க்ரீனை கழுவி எடுத்து வச்சு மறுபடி மறுபடி யூஸ் பண்ணலாம், இதுல பேப்பர் கிட்டயே வர முடியாது.

இங்க்ல வாட்டர் பேஸ் துணிக்குள்ள ஊறி மெத்துன்னு இருக்கும், கழுவ தண்ணி போதும். ஆனா நடுவுல ஒரு போன் பேசிட்டு வந்தா மெஷ்லயே காஞ்சு அடைச்சுக்கும், அதனால ஒவ்வொரு பிரிண்ட்டுக்கு அப்புறமும் ஸ்க்ரீனை தூக்கிப் பிடிச்சு இங்க்கை மெல்ல பரப்பி விட்டுடுங்க. பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த இங்க்) அப்படி காயாது, டார்க் துணில வெள்ளை பளிச்னு நிக்கும், ஆனா பொதுவா 160 டிகிரி செல்சியஸ் கிட்ட சூடு இங்க்கோட அடி வரைக்கும் போகணும், மேல தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள வேகலேன்னா துவைக்கும்போது வெடிச்சு உரியும். ஹீட் பிரஸ் இல்லாதவங்க வாட்டர் பேஸே வாங்குங்க, நல்லா காயவிட்டு அயர்ன் பண்ணி சூடு செட் பண்ணிக்கலாம்.

மெஷ் இன்ச்சுக்கு 110 இழை இருக்கறதா எடுத்தா ரெண்டு முறைக்கும் ஒத்துவரும். பேப்பர்ல ஒரே டிசைனை பத்து பழைய துணில போட்டுப் பாருங்க, பத்துலயும் ஓரம் சுத்தமா வந்தா அப்புறம் எமல்ஷன் டப்பாவைத் திறங்க.